சக்கிமுக்கி ரைபிளால் குறிசுடுதல்

சக்கிமுக்கி ரைபிளால் குறிசுடுதல் என்பது, குழலின் வாய்வழியாகக் கருமருந்தும் ஈயக்குண்டும் இட்டு, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கச் செய்யும் பழைய வகைத் துப்பாக்கியைக் கொண்டு இலக்கைச் சுடும் விளையாட்டாகும். 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பகுதியில் உருவான நெடுங்குழல் ரைபிள் இவ்விளையாட்டில் தனியிடம் பெற்றது. அமெரிக்க விடுதலைப் போரை வென்று தந்த துப்பாக்கி என்று இதனைப் பலர் போற்றுவர். போர்க்களத்தில் இதன் பங்கு அந்தப் புகழுக்கு ஈடானதன்று. ஆனால் ஊர்தோறும் நடந்த குறிசுடும் போட்டிகளில் இதன் பங்கு மிகப் பெரிது. வேட்டைக்கும் போருக்கும் வேண்டாததாகிவிட்ட பின்னரும் இதனைக் கையாளும் பழக்கம் முற்றிலும் அற்றுப்போகாமல் காத்தவை அப்போட்டிகளே.

பெயரும் பொருளும்

தீப்பெட்டி பரவுவதற்கு முன் தமிழ்நாட்டு வீடுகளிலும் சக்கிமுக்கிக் கல்லை இரும்பில் தட்டிப் பஞ்சில் பொறி பிடித்து நெருப்பு உண்டாக்கினர். அதே முறையைத் துப்பாக்கியின் பக்கத்தில் ஒரு வில்லோடு பொருத்தினால் அதுவே சக்கிமுக்கி விசையமைப்பு. பிரான்சின் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த மாரின் லெ புர்ஷுவா என்னும் கைவினைஞர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் பதின்மூன்றாம் லூயியின் அவைக்காக இதனை உருவாக்கினார் என்று கருதப்படுகிறது. அதற்கு முன் வழக்கில் இருந்தது, எரியும் திரியைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் திரித் துப்பாக்கி.

சக்கிமுக்கித் துப்பாக்கிகள் இருவகைப்படும். குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்தால் அது மஸ்கட். உட்புறத்தில் திருகுபோல் சுழன்று செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தால் அது ரைபிள். இப்பள்ளங்களைப் புரிகள் என்பர். புரிகளைப் பற்றிக்கொண்டு வெளிவரும் குண்டு, பம்பரம்போல் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு பறக்கும். சுழலும் பம்பரம் எளிதில் சாயாதது போலவே சுழலும் குண்டும் எளிதில் வழி விலகாது. மஸ்கட்டின் குண்டுக்கு இந்த ஒழுங்கான சுழற்சி இல்லை. தென்னிந்தியப் பாளையக்காரர் போர்களில் ஆங்கிலக் கம்பெனிப் படையினர் ஏந்தியவை பெரும்பாலும் வழவழப்பான குழலுடைய சக்கிமுக்கி மஸ்கட்டுகளே. கம்பெனிப் படைக்கென உருவான ‘இந்தியா பேட்டர்ன்’ மஸ்கட்டைப் பின்னர் பிரிட்டிஷ் அரசுப் படையும் ஏற்றுக்கொண்டது.

நெடுங்குழல் ரைபிளின் தோற்றம்

குழலில் புரி வெட்டும் கலை ஜெர்மானிய நாடுகளில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 16ஆம் நூற்றாண்டிலும் வளர்ந்தது. அங்கும் சுவிட்சர்லாந்திலும் நகரந்தோறும் குறிசுடும் சங்கங்கள் இருந்தன. திருவிழா நாட்களில் போட்டிகள் நடத்திப் பரிசு வழங்குவது அவற்றின் வழக்கம். அங்கு வேட்டைக்காரர் பயன்படுத்திய ரைபிள், வேட்டைக்காரர் என்னும் பொருள்படும் ஜெர்மன் சொல்லால் ‘யேகர்’ ரைபிள் எனப்பட்டது. அதன் குழல் குட்டையானது, குண்டோ பெரியது.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மானியரும் சுவிஸ் மக்களும் பென்சில்வேனியாவில் குடியேறினர். அவர்களோடு துப்பாக்கிக் கொல்லர்களும் வந்தனர். லான்காஸ்டர் நகரமும் அதன் சுற்றுவட்டாரமும் அவர்களின் தொழிலிடமாயின. புதிய நாட்டின் காடுகளில் மருந்தும் ஈயமும் அரிய பொருள்கள். ஒருவர் பல வாரங்களுக்கு வேண்டியதைத் தாமே சுமந்து செல்ல வேண்டியிருந்தது. ஆகவே குண்டைச் சிறிதாக்கினர். குழலை 40 அங்குலத்துக்கும் மேலாக நீட்டினர். அக்காலத்தில் துப்பாக்கியின் அளவை ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டுகள் வார்க்கலாம் என்று கூறுவது வழக்கம். அரை அங்குலக் குழலுக்கு ஒரு பவுண்டில் ஏறத்தாழ 40 குண்டுகள் கிடைக்கும். குழல் நீண்டதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் கூடியது. குறிபார்ப்பதில் ஏற்படும் சிறு பிழையும் குறைந்தது.

இரும்புப் பட்டையை ஒரு கம்பியின்மேல் மடித்துக் காய்ச்சி ஒட்டியே குழல் செய்தனர். அதைத் துளைக்கருவியால் நேராக்கிய பின், கையால் இழுக்கும் மரச்சட்டத்தில் வைத்து ஒவ்வொரு புரியாக வெட்டினர். சிறு வெட்டுக்கருவி ஒருமுறை இழுக்கும்போது மயிரிழை அளவே சுரண்டும். ஒரு புரி முழுமையாக எத்தனையோ முறை இழுக்க வேண்டும். துப்பாக்கிக் கட்டையை வரியோடிய மேப்பிள் மரத்தில் செதுக்கினர். கட்டையின் பக்கத்தில் பித்தளை மூடியிட்ட சிறு பெட்டி ஒன்று இருக்கும். துணித்துண்டு முதலியவை அதில் வைக்கப்படும். குழல், விசையமைப்பு, கட்டை ஆகிய மூன்றும் ஒரே பட்டறையில் உருவாகும்போது, கொல்லர், தச்சர், கன்னார் ஆகியோரின் வேலைகளை ஒருவரே அறிந்திருக்க வேண்டியிருந்தது.

கெட்டிக்கும் முறை

துப்பாக்கியில் மருந்தும் குண்டும் இடுவதைக் கெட்டித்தல் என்பர். நெடுங்குழல் ரைபிளைக் கெட்டிப்பதற்குத் திட்டமான வரிசை உண்டு.

முதலில் கொம்பில் உள்ள கருமருந்தைச் சிறு அளவைக் குவளையில் அளந்து குழலில் கொட்டுவர். கருமருந்து என்பது வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 என்னும் விகிதத்தை ஒட்டிய கலவை. அரை அங்குலக் குழலில் குறிசுடுவதற்கு ஏறத்தாழ 4 கிராம் மருந்து போதும். பிறகு எண்ணெயோ கொழுப்போ தடவிய பருத்தித் துணித்துண்டைக் குழல்வாயில் விரித்து, அதன் நடுவில் உருண்டையான ஈயக்குண்டை வைத்து அழுத்துவர். குண்டு குழலைவிடச் சற்றே சிறியது. அந்த இடைவெளியை நிரப்புவது துணி. மரத்தாலான திணிகோலால் குண்டை மருந்தின்மேல் நன்றாகப் படியும்வரை தள்ளுவர்.

இந்தத் துணித்துண்டுதான் நெடுங்குழல் ரைபிளின் உயிர்நாடி. இறுக்கமான குண்டைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் அதன் உருவம் கெடும்; நேரமும் ஆகும். துணி சுற்றிய குண்டோ கைவலுவிலேயே இறங்கும். வெடிக்கும்போது துணி புரியைப் பற்றிக் குண்டைச் சுழற்றும். குழலைவிட்டு வெளிவந்ததும் கழன்று விழும். சுட்ட பின் தரையிலிருந்து துணியை எடுத்துப் பார்ப்பது இன்றும் வழக்கம். துணி கிழிந்தோ கருகியோ இருந்தால் மருந்தின் அளவு, துணியின் தடிமன், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றை மாற்ற வேண்டும் என்று பொருள்.

கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் மாறும். கசடு படிந்த குழலில் அடுத்த குண்டு ஒரே சீராக இறங்காது. எனவே குறிசுடுவோர் ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத் துணியால் குழலைத் துடைப்பர். போட்டி முடிந்ததும் தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையதாதலால், கழுவாமல் விட்ட குழல் விரைவில் துருப்பிடிக்கும்.

பொறியும் காத்திருப்பும்

விசையமைப்பின் உறுப்புகள் நான்கு. கல்லைப் பற்றியிருப்பது குதிரை. அதன் எதிரே நிற்பது எஃகு மூடி. மூடியின் கீழே உள்ளது மருந்துக் கிண்ணம். கிண்ணத்திலிருந்து குழலுக்குள் செல்லும் சிறு துளை பற்றுவாய். கல் நழுவாமலிருக்க அதனைத் தோல் துண்டில் பொதிந்து குதிரையின் தாடைகளில் இறுக்குவர்.

குழலைக் கெட்டித்த பின் கிண்ணத்தில் மிக நுண்ணிய மருந்தைச் சிறிது இட்டு மூடியைச் சாத்துவர். விசையை இழுத்ததும் குதிரை பாய்ந்து மூடியில் மோதும். கல் எஃகைச் சுரண்ட, அந்த எஃகின் நுண்துகள்களே பொறியாக எரிந்து விழும். கல்லிலிருந்து பொறி வருகிறது என்று பலர் எண்ணுவது சரியன்று. மோதிய வேகத்தில் மூடி பின்னுக்குத் திறக்க, பொறிகள் கிண்ணத்து மருந்தைப் பற்றவைக்கும். அந்தச் சுடர் பற்றுவாய் வழியே பாய்ந்து குழலின் மருந்தை வெடிக்கச் செய்யும். சில வேளைகளில் கிண்ணத்து மருந்து மட்டும் எரிந்து, குழல் வெடிக்காமல் நின்றுவிடும்.

நன்றாகச் செய்த விசையமைப்பில் இவையெல்லாம் நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். ஆயினும் இன்றைய துப்பாக்கியோடு ஒப்பிட்டால் இது நீண்ட நேரமே. அந்த நேரம் முழுவதும் குழல் அசையாமல் இருக்க வேண்டும். அதே கணத்தில் சுடுபவரின் முகத்துக்கு அருகே கிண்ணம் பளிச்சென்று எரிந்து புகை எழும். கண் இமைப்பதும் தோள் பின்வாங்குவதும் மனித இயல்பு. அவ்வாறு அசைந்தால் குண்டு குறி தப்பும். விசையை இழுத்த பின்னும் எதுவும் நடவாததுபோல் குறியைப் பார்த்துக்கொண்டே நிற்பதுதான் இத்துப்பாக்கியில் முதலில் கற்க வேண்டிய பாடம். கல்லுக்குப் பதிலாக மரத்துண்டைப் பொருத்தி, மருந்தின்றி விசையை மட்டும் இழுத்துப் பழகுவது இதற்கான பயிற்சி. சக்கிமுக்கி ரைபிளில் தேர்ந்தவர் வேறு எந்தத் துப்பாக்கியிலும் தடுமாற மாட்டார் என்று சுடுவோரிடையே ஒரு கருத்து உண்டு.

ஊர்ப் போட்டிகள்

எல்லைப்புற ஊர்களில் குறிசுடும் போட்டி ஒரு கூடுகையாகவும் இருந்தது. ஒருவர் மாட்டைப் பரிசாக நிறுத்துவார். ஒவ்வொரு வெடிக்கும் இவ்வளவு என்று கட்டணம் வாங்கி மாட்டின் விலையை ஈடுசெய்துகொள்வார். மாடு ஐந்து பரிசுகளாகப் பிரிக்கப்படும். நான்கு கால்பங்குகள் போக, தோலும் கொழுப்பும் ஐந்தாவது பரிசு. சில இடங்களில், இலக்குக்குப் பின்னிருந்த மரத்தில் பதிந்த ஈயம் ஆறாவது பரிசாகும். மரத்தை வெட்டிக் குண்டுகளைத் தோண்டி எடுத்து உருக்கி மீண்டும் குண்டு வார்ப்பர். ஈயம் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

ஒவ்வொருவரும் தம் இலக்கைத் தாமே கொண்டுவருவர். நெருப்பில் கருக்கிய பலகையில் பெருக்கல் குறிபோல் இரு கோடுகளைக் கீறி, அவை வெட்டும் புள்ளியை நடுவாகக் கொள்வர். ஒவ்வொருவரின் கண்ணுக்கும் துப்பாக்கிக்கும் ஏற்றபடி வெள்ளைத் தாளை அதன்மேல் ஒட்டிக் குறியை அமைத்துக்கொள்வர். பல வெடிகள் சுடும் போட்டியில், நடுவிலிருந்து ஒவ்வொரு குண்டுத்துளைக்கும் உள்ள தூரத்தை ஒரே நூலில் தொடர்ச்சியாக அளப்பர். எல்லாம் அளந்த பின் யாருடைய நூல் குட்டையோ அவரே வென்றவர். எண்ணும் எழுத்தும் அறியாதவரும் ஐயமின்றி ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவை இது.

இப்போட்டிகள் இலக்கியத்திலும் இடம்பெற்றன. ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் 1823இல் வெளியிட்ட ‘தி பயனீர்ஸ்’ நாவலில் கிறிஸ்துமஸ் நாளில் வான்கோழியைப் பரிசாக வைத்து நடக்கும் போட்டி வருகிறது. 1835இல் நூலாக வந்த அகஸ்டஸ் பால்ட்வின் லாங்ஸ்ட்ரீட்டின் ‘ஜார்ஜியா சீன்ஸ்’ தொகுப்பில் மாட்டுக்கான போட்டி ஒன்று நகைச்சுவையோடு சொல்லப்படுகிறது. பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபான், கென்டக்கி மக்களின் விளையாட்டுகளைப் பற்றி எழுதியபோது, பலகையில் பாதி அறைந்த ஆணியைக் குண்டால் அடித்து இறக்குவதையும், இரவில் எரியும் மெழுகுவர்த்தியை அணைக்காமல் அதன் திரிக்கரியை மட்டும் சுட்டு நீக்குவதையும் விவரித்தார். மெழுகுவர்த்திப் போட்டியில் மிகத் தேர்ந்த ஒருவரே ஏழில் மூன்று முறைதான் வென்றார் என்று அவர் குறித்துள்ளார். ஆடுபானின் எழுத்தில் கற்பனை கலந்திருப்பதாக ஆய்வாளர்கள் கூறுவதுண்டு. ஆனால் ஏழில் மூன்று என்னும் கணக்கு அளவோடு சொல்லப்பட்டதாகவே தோன்றுகிறது.

போரும் புகழும்

1775 ஜூன் 14 அன்று அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவை பத்து ரைபிள் படைப்பிரிவுகளைத் திரட்ட முடிவு செய்தது. பென்சில்வேனியாவிலிருந்து ஆறும், மேரிலாந்திலிருந்தும் வர்ஜீனியாவிலிருந்தும் இவ்விரண்டும் அழைக்கப்பட்டன. அவர்கள் செல்லும் வழியில் ஊர்களில் தம் திறமையைக் காட்டினர். லான்காஸ்டரில் ஒரு வீரர் சிறு பலகையை முழங்கால்களுக்கு இடையில் பிடித்துக்கொள்ள, அவருடைய உடன்பிறந்தவர் 60 கஜ தூரத்திலிருந்து அதில் ஒட்டிய சிறு தாளில் எட்டுக் குண்டுகளை அடுத்தடுத்துச் செலுத்தினார் என்று அன்றைய செய்தித்தாளில் ஒரு கடிதம் வெளிவந்தது. எதிரியை அச்சுறுத்தும் நோக்கமும் இத்தகைய செய்திகளுக்கு இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

1777இல் சரட்டோகா போரில் டேனியல் மார்கனின் ரைபிள் வீரர்கள் சிறப்பாகப் போரிட்டனர். 1780 அக்டோபர் 7 அன்று கிங்ஸ் மவுண்டனில் மலையோரக் குடியானவர்கள் மரங்களின் மறைவிலிருந்து சுட்டு, பேட்ரிக் ஃபெர்குசன் தலைமையிலான பிரிட்டிஷ் ஆதரவுப் படையைத் தோற்கடித்தனர். ஃபெர்குசன் அப்போரில் இறந்தார். பின்புறத்திலிருந்து கெட்டிக்கும் புதுவகை ரைபிள் ஒன்றை உருவாக்கியவர் அவரே.

எனினும் போரின் சுமையைத் தாங்கியது மஸ்கட்டே. பயிற்சி பெற்ற வீரர் மஸ்கட்டால் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவார். ரைபிளைக் கவனமாகக் கெட்டிக்க ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும். அதன் முனையில் ஈட்டிக்கத்தி பொருத்தவும் வழியில்லை. எதிரி கத்தியோடு பாய்ந்து வந்தால் ரைபிள் வீரர் ஓட வேண்டியதுதான். இதனால் சில ரைபிள் படையினருக்குப் பின்னர் மஸ்கட்டே கொடுக்கப்பட்டது.

‘கென்டக்கி ரைபிள்’ என்னும் பெயரும் இத்தகைய கதைதான். 1815 ஜனவரி 8 அன்று நடந்த நியூ ஆர்லியன்ஸ் போருக்குப் பின் கென்டக்கி வேட்டைக்காரரைப் புகழும் ஒரு பாடல் நாடெங்கும் பரவியது. அதனால் அத்துப்பாக்கிக்குக் கென்டக்கியின் பெயர் நிலைத்தது. ஆனால் அதன் பிறப்பிடம் பென்சில்வேனியா. அப்போரில் பிரிட்டிஷ் படைக்குப் பெருஞ்சேதம் விளைவித்தவை பீரங்கிகள். கென்டக்கியிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஆயுதமின்றியே வந்து சேர்ந்தனர்.

இத்துப்பாக்கியின் வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குடியேறியவர்கள் மேற்கு நோக்கிப் பரவித் தொல்குடி மக்களின் நிலங்களைக் கைப்பற்றியபோது அவர்களின் கையில் இருந்த ஆயுதங்களில் இதுவும் ஒன்று. டெலவேர், ஷானி முதலிய மக்களும் ரைபிளைப் பெற்றுத் திறமையாகக் கையாண்டு எதிர்த்து நின்றனர். அவர்களைக் குறிப்பிடாமல் இதன் வரலாறு முழுமை பெறாது.

வழக்கொழிதல்

ஸ்காட்லாந்து மதகுரு அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத், தட்டினால் வெடிக்கும் வேதிப்பொருளைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்த செப்புத் தொப்பி, மழையிலும் காற்றிலும் நம்பகமாக வெடித்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் சக்கிமுக்கி விசையமைப்பு பெரும்பாலும் கைவிடப்பட்டது. பழைய ரைபிள்கள் பலவற்றில் குதிரையையும் கிண்ணத்தையும் நீக்கித் தொப்பி வகையாக மாற்றினர். பின்னர் பின்புறத்தில் தோட்டா இடும் துப்பாக்கிகள் வந்தன. கையால் குழல் செய்யும் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

ஆனால் டென்னசி, கென்டக்கி போன்ற மாநிலங்களின் மலைப்பகுதிகளில் மாட்டுக்கும் வான்கோழிக்கும் நடந்த போட்டிகள் நிற்கவில்லை. அங்கு தொப்பி வகை வாய்வழித் துப்பாக்கிகள் 20ஆம் நூற்றாண்டிலும் புழக்கத்தில் இருந்தன. முதல் உலகப் போரில் 1918 அக்டோபர் 8 அன்று 132 ஜெர்மானியரைச் சிறைப்பிடித்த நிகழ்ச்சியால் புகழ்பெற்ற ஆல்வின் யார்க், டென்னசியின் பால் மால் என்னும் சிற்றூரில் இத்தகைய போட்டிகளில் பழகியவர். அவர் வாழ்க்கையைக் கூறும் ‘சார்ஜென்ட் யார்க்’ திரைப்படம் 1941இல் வெளிவந்தது. கேரி கூப்பர் நடித்த அப்படத்தில் ஊர்ப் போட்டிக் காட்சியும் உண்டு.

மீட்பு

1924இல் ஜான் டில்லின் எழுதிய ‘தி கென்டக்கி ரைபிள்’ என்னும் நூல் பழைய துப்பாக்கிகளின்மேல் பலருக்கு ஆர்வத்தை உண்டாக்கியது. 1931இல் ஒஹாயோ மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத் நகரில், வாய்வழித் துப்பாக்கிகளுக்கென்றே ஒரு போட்டி நடத்தப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 1933இல் தேசிய வாய்வழி ரைபிள் சங்கம் உருவானது. இச்சங்கம் 1939 முதல் ‘மசில் பிளாஸ்ட்ஸ்’ என்னும் இதழை வெளியிட்டு வருகிறது. இந்தியானா மாநிலத்தில் ஃபிரெண்ட்ஷிப் என்னும் சிற்றூரில் அமைந்த அதன் மைதானம் தேசியப் போட்டிகளின் இடமாயிற்று.

போட்டி தொடங்கியதும் சுவரில் தொங்கியவை கீழே இறங்கின. சுடுவதற்குக் கல் வேண்டும். ஏற்ற மருந்து வேண்டும். தேய்ந்த குழலுக்கு மீண்டும் புரி வெட்ட ஆள் வேண்டும். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிரான்டன் என்னும் ஊரில், நெப்போலியன் காலப் போர்களுக்குக் கல் உடைத்துக் கொடுத்த தொழில் 20ஆம் நூற்றாண்டு வரை குடும்ப வழக்காக நீடித்திருந்தது. 1954இல் டென்னசியின் யூனியன் சிட்டியில் டர்னர் கெர்க்லாண்ட் தொடங்கிய ‘டிக்சி கன் வொர்க்ஸ்’ நிறுவனம், பழைய துப்பாக்கிகளின் உறுப்புகளையும் புதிதாகச் செய்த படிகளையும் அஞ்சல்வழி விற்றது. இத்தாலியில் 1957இல் தொடங்கிய பெடர்சோலி நிறுவனமும் பழைய துப்பாக்கிகளின் படிகளைச் செய்வதில் பெயர் பெற்றது.

கைவினை மீட்பில் வாலஸ் கஸ்லரின் பணி குறிப்பிடத்தக்கது. வர்ஜீனியாவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் என்னும் வரலாற்று வளாகத்தில் துப்பாக்கிக் கொல்லராக இருந்த அவர், குழலைக் காய்ச்சி ஒட்டுவது முதல் திருகாணி செய்வது வரை அனைத்தையும் 18ஆம் நூற்றாண்டு முறையிலேயே செய்து முழு ரைபிள் ஒன்றை உருவாக்கினார். அது ‘கன்ஸ்மித் ஆஃப் வில்லியம்ஸ்பர்க்’ என்னும் பெயரில் 1969இல் ஆவணப்படமாயிற்று. பென்சில்வேனியா மாநிலம் 1974 முதல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனியான மான் வேட்டைப் பருவத்தை அறிவித்தது. அது பிறந்த மாநிலத்திலேயே அதற்குப் புதிய பயனாளர்கள் கிடைத்தனர்.

பன்னாட்டுப் போட்டிகள்

1971இல் பிரான்சில் வாய்வழித் துப்பாக்கிச் சங்கங்களின் பன்னாட்டுக் குழு தொடங்கப்பட்டது. இதன் உலகப் போட்டிகளில் பழைய துப்பாக்கிகளுக்கும், பழைய மாதிரியில் புதிதாகச் செய்தவற்றுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. 30 நிமிடங்களில் 13 முறை சுடலாம். சிறந்த 10 வெடிகள் கணக்கில் கொள்ளப்படும். விசையமைப்பு சரியாகப் பற்றாத வாய்ப்பையும் மனத்தில் கொண்ட விதியாக இது அமைந்துள்ளது.

போட்டிகளின் பெயர்களிலும் வரலாறு உண்டு. 50 மீட்டரில் நின்றபடி சக்கிமுக்கி மஸ்கட்டால் சுடுவது ‘மிகலெட்’. 100 மீட்டரில் படுத்தபடி சக்கிமுக்கி ரைபிளால் சுடுவது ‘மாக்சிமிலியன்’. 50 மீட்டரில் திரித் துப்பாக்கியால் சுடுவது ‘தனெகாஷிமா’. 1543இல் போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கி ஜப்பானுக்குள் நுழைந்த தீவின் பெயர் அது.

பாதுகாப்பு

பழைய துப்பாக்கியும் உயிரைப் பறிக்கும் ஆயுதமே. சுடும் கோட்டுக்கு வந்து நின்ற பிறகே கிண்ணத்தில் மருந்து இட வேண்டும். கொம்பிலிருந்து நேரடியாகக் குழலில் மருந்தைக் கொட்டக் கூடாது. உள்ளே கனல் எஞ்சியிருந்தால் கொம்பே வெடித்துவிடும். குண்டு மருந்தின்மேல் முழுமையாகப் படிந்திருக்கிறதா என்பதைத் திணிகோலில் இட்ட அடையாளத்தால் உறுதி செய்ய வேண்டும். இடைவெளி இருந்தால் குழல் பிளக்கக்கூடும். வெடிக்கத் தவறினால் குழலை இலக்கை நோக்கியே ஒரு நிமிடமாவது வைத்திருக்க வேண்டும். கருமருந்தைத் தவிர இன்றைய புகையில்லா மருந்தை ஒருபோதும் இடக்கூடாது. பக்கத்தில் நிற்பவர் மீது பற்றுவாய்ச் சுடர் படாதவாறு இடைவெளி விட்டு நிற்பதும், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிவதும் கட்டாயம். அமெரிக்காவில் இவ்வகைத் துப்பாக்கிகளுக்கு மத்தியச் சட்டத்தில் தளர்வு உண்டு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி வாய்வழித் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும்.

வரலாற்று முக்கியத்துவம்

அருங்காட்சியகம் ஒரு துப்பாக்கியின் மரத்தையும் இரும்பையும் காக்கும். அதில் எவ்வளவு மருந்து இட வேண்டும், துணி எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும், பொறி பறந்த பின் எப்படி அசையாமல் நிற்க வேண்டும் என்பவற்றைக் கண்ணாடிப் பேழை காக்காது. அவை கையில் தங்கும் அறிவு. பயன்படுத்துவோர் இல்லாவிட்டால் ஒரு தலைமுறையில் மறையும். அமெரிக்க நெடுங்குழல் ரைபிளைப் பொறுத்தவரை அந்த அறிவு மெலிந்து ஏறத்தாழ அறுந்துபோகும் நிலைக்கு வந்தது. மலையூர்களில் மாட்டிறைச்சிக்காகவும் வான்கோழிக்காகவும் கூடிச் சுட்ட எளிய மக்கள் அதன் ஒரு நுனியைப் பிடித்திருந்தனர். 1931க்குப் பின் வந்தவர்களுக்கு அந்த நுனி கிடைத்ததால்தான், மீதியை நூல்களிலிருந்தும் பழைய துப்பாக்கிகளிலிருந்தும் அவர்களால் மீட்க முடிந்தது.